பழைய எக்ஸ்பியைப் பெட்டிக்குள் பத்திரமாக ஓட்டுவது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001இல். அதன் கடைசிப் பதிப்பும் அதுதான். ஆனால் அதில் அமைத்த தமிழ்ப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கோயில் மலர்கள், வினாத்தாள்கள் இன்னும் டிடிபி கடைகளில் கத்தை கத்தையாகக் கிடக்கின்றன. பழைய எழுத்துரு, பழைய மென்பொருள், விண்டோஸ் எக்ஸ்பி மூன்றும் சேர்ந்தால்தான் அவை வரி பிசகாமல் திறக்கின்றன. எக்ஸ்பி ஓடும் கணினிகளோ ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள புதுக் கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு, அதற்குள் எக்ஸ்பியை ஓட்டுகிறோம்.

இப்படிப் பல கடைகளுக்கு அமைத்துக் கொடுத்தேன். அதே பத்துப் பிழைகளுக்காகத் திரும்பத் திரும்பப் போன் வருகிறது. அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியைத் தேடி, நேராக அங்கே போங்கள். நிஜக் கணினியை "வெளிக் கணினி" என்றும், விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடும் கணினியைப் "பெட்டி" என்றும் சொல்கிறேன். உள்ளே லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மாறும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு தெரியவந்த ஓட்டைகள் அநேகமாக எல்லாமே திறந்தபடி இருக்கின்றன. பெட்டிக்குள் அடைத்து வைத்திருப்பதுதான் நமக்கு இருக்கும் பாதுகாப்பு. நான் பார்த்தவரை, அந்தப் பாதுகாப்பு போவது பிழை நீக்கும்போதுதான். கோப்பு வரவில்லை என்று டி டிரைவ் முழுவதையும் பகிர்வார்கள். இணையம் வரவில்லை என்று கிடைத்த எல்லா நெட்வொர்க் முறையையும் மாற்றிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் திறந்ததை மூட மறந்துவிடுவார்கள். அதனால், எந்தச் சரிசெய்தல் எந்தக் கதவைத் திறக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

## எதையும் தொடும் முன்

எக்ஸ்பியை ஸ்டார்ட் மெனு வழியாக முழுதாக நிறுத்துங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் (பெட்டியின் இப்போதைய நிலையின் பதிவு, பிறகு இதற்குத் திரும்பலாம்) எடுங்கள். "யுஎஸ்பி மாற்றும் முன்" என்பதுபோல அதற்குப் புரியும்படி பெயர் வையுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மூன்றை மாற்றிவிட்டு ஓடினால், எது சரிசெய்தது என்றும் தெரியாது, எதைத் திரும்ப மூடவேண்டும் என்றும் தெரியாது.

ஸ்னாப்ஷாட் காப்புப்படி ஆகாது. அதே வட்டில்தான் அதுவும் இருக்கிறது, வட்டு போனால் இரண்டும் போகும். பெட்டி நின்றிருக்கும்போது அதன் கோப்புறை முழுவதையும் வெளிப்புற வட்டு ஒன்றுக்கு நகலெடுத்து, வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

## அறிகுறி 1: ஸ்டார்ட் அழுத்தினால் பிழைச் செய்தி வருகிறது, பெட்டி திறக்கவே இல்லை

### செய்தியில் "விடி-எக்ஸ்", "ஏஎம்டி-வி", "எஸ்விஎம்" என்ற எழுத்துகள் தெரிந்தால்

செயலியின் மெய்நிகராக்க வசதி (கணினிக்குள் கணினி ஓட்ட உதவுவது) அணைந்திருக்கிறது, அல்லது வேறு ஏதோ அதைப் பிடித்துவைத்திருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் இந்த வசதி இல்லாமல் எதுவுமே ஓடாது. புதுப் பெட்டி உருவாக்கும்போது பட்டியலில் 32 பிட் வகைகள் மட்டும் தெரிந்தாலும் காரணம் இதுதான்.

முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. கீழே "விர்ச்சுவலைசேஷன்" என்ற வரி இருக்கும்.

"எனேபிள்ட்" என்றிருந்தால் பயாஸை (கணினி துவங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) தொட வேண்டாம். அறிகுறி 3இல் ஆமை பற்றிய பகுதிக்குப் போங்கள்.

"டிசேபிள்ட்" என்றிருந்தால் பயாஸுக்குள் போகவேண்டும். கணினி துவங்கும்போது அழுத்தவேண்டிய விசை பல மடிக்கணினிகளில் எஃப்2, எச்பியில் பெரும்பாலும் எஃப்10. இன்டெல் செயலி என்றால் "இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி", ஏஎம்டி என்றால் "எஸ்விஎம் மோட்". அதை இயக்கி, சேமித்து வெளியே வாருங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வெளிக் கணினியில் வட்டை மறையாக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஓடினால், பயாஸில் கை வைத்த பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கடைக்காரரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறது, அல்லது அந்த வரியே அங்கு இல்லை. அலுவலகக் கணினி என்றால் அலுவலகத்தின் ஐடி ஆளைத்தான் கேட்கவேண்டும். வரியே இல்லாத பழைய செயலி என்றால், பழுது பார்க்கப் பணம் செலவழிக்காமல் வேறு கணினியில் பெட்டியை அமையுங்கள்.

### பெட்டியின் பெயருக்குக் கீழே "இன்அக்சஸிபிள்" என்றிருந்தால்

யாரோ கோப்புறையை நகர்த்தியிருப்பார்கள், அல்லது பெட்டி இருக்கும் வெளிப்புற வட்டு செருகப்படவில்லை. வட்டைச் செருகி, அதே டிரைவ் எழுத்து வருகிறதா என்று பாருங்கள். கோப்புறையைப் பழைய இடத்தில் வைத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

### "அபார்ட்டட்" என்றிருந்தால்

மின்சாரம் போனதற்குச் சமம். மறுபடி ஸ்டார்ட் அழுத்துங்கள். எக்ஸ்பி வட்டைச் சோதிக்கவேண்டும் என்றால் சோதிக்க விடுங்கள்.

## அறிகுறி 2: திறக்கிறது, ஆனால் கறுப்புத் திரை அல்லது நீலத் திரை

துவக்க ஊடகம் எதுவும் இல்லை என்று வெள்ளை எழுத்தில் வந்தால், சிடி டிரைவில் ஐஎஸ்ஓ கோப்பு (சிடியின் நகல்) மாட்டப்படவில்லை. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய் மாட்டுங்கள். மாட்டியும் அதே செய்தி என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். "இஎஃப்ஐ" தேர்வாகியிருந்தால் எடுத்துவிடுங்கள், எக்ஸ்பிக்கு அது ஆகாது.

நீலத் திரையில் கடைசி இலக்கங்கள் 7பி என்று முடிந்தால் எனக்குக் கேள்வியே வேண்டாம். வட்டு சாட்டா கன்ட்ரோலரில் தொங்குகிறது, எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் இல்லை. ஸ்டோரேஜில் அந்த வட்டைக் கழற்றி, ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டுங்கள். பெட்டி உருவாக்கும்போதே வகையை "விண்டோஸ் எக்ஸ்பி" என்று சரியாகத் தேர்ந்திருந்தால் இது வராது.

நேற்று வரை ஓடிய எக்ஸ்பி இன்று துவங்க மறுத்தால், சிஸ்டம் பகுதியில் "ஐ/ஓ ஏபிக்" என்ற தேர்வை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள். நிறுவும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். தெரியாவிட்டால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள்.

பழைய கணினியின் வட்டை அப்படியே படமெடுத்துப் பெட்டிக்குள் போட்டவர்களுக்கும் 7பி வரும், ஐடிஇக்கு மாற்றியும் சிலருக்குப் போகாது. அதோடு உரிமச் சிக்கலும் உண்டு. கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. பழைய வட்டிலிருந்து கோப்புகள், எழுத்துருக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உரிமம் உள்ள சிடியிலிருந்து எக்ஸ்பியைப் புதிதாக நிறுவுவதே என் பரிந்துரை. ஒரு மணி நேர வேலை, தலைவலி இல்லை.

மேக்கில் எம்1 அல்லது அதற்குப் பிந்தைய சிப் என்றால், எக்ஸ்பியை இந்த முறையில் நேரடியாக ஓட்ட முடியாது. செயலியின் குடும்பமே வேறு. முழுப் பாவனையில் (எமுலேஷன்) ஓட்டும் மென்பொருள்கள் உண்டு, வேகம் குறையும்.

## அறிகுறி 3: ஊர்ந்து ஊர்ந்து ஓடுகிறது

### பெட்டியின் கீழ் வலது மூலையில் பச்சை ஆமை தெரிந்தால்

செயலியின் வசதியை விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி எடுத்துக்கொண்டிருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோளில் ஏறி ஓடுகிறது, அதனால்தான் வேகம் குறைகிறது. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" திறந்து, ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் நான்கில் எது இயங்குகிறது என்று பாருங்கள். தேவையில்லாததை எடுங்கள். வீட்டில் யாராவது டாக்கரோ டபிள்யூஎஸ்எல் லினக்ஸோ பயன்படுத்தினால், எடுக்கும் முன் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் வேலை நின்றுவிடும்.

பிறகு "ரீஸ்டார்ட்" கொடுங்கள், "ஷட் டவுன்" போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் கணினிகளில் ஷட் டவுன் முழுதாக நிறுத்துவதில்லை. "எல்லாம் எடுத்தும் ஆமை போகவில்லை" என்று சொன்னவர்களில் பலருக்கு மிச்சமிருந்தது இந்த ரீஸ்டார்ட் மட்டும்தான்.

இன்னும் ஆமை இருந்தால் கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசலேஷன், அதில் மெமரி இன்டெக்ரிட்டி. இது வெளிக் கணினியைத் தீய டிரைவர்களிடமிருந்து காக்கும் கவசம். இதை அணைத்தால் பெட்டிக்கு வேகம் கிடைக்கும், வெளிக் கணினிக்குப் பாதுகாப்புக் குறையும். வங்கி வேலையும் வாடிக்கையாளர் மின்னஞ்சலும் அதே கணினியில் என்றால், அணைக்காதீர்கள். பேஜ்மேக்கர் 2001இன் மென்பொருள், ஆமையோடும் வேலை செய்யக்கூடிய வேகத்தில் ஓடும். நான் பெரும்பாலான கடைகளில் ஆமையை அப்படியே விட்டிருக்கிறேன்.

### ஆமை இல்லாமல் மெதுவாக ஓடினால்

நினைவகத்தை அதிகம் கொடுத்தால் வேகம் கூடும் என்று நினைத்து, 8 ஜிபி உள்ள கணினியில் 6 ஜிபியைப் பெட்டிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். வெளிக் கணினி மூச்சுத் திணறி, இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. எக்ஸ்பிக்கு 1 ஜிபி தாராளம், செயலி ஒன்று போதும். உள்ளே இன்றைய உபுண்டு என்றால், 8 ஜிபி கணினியில் 3, மிஞ்சிப்போனால் 4. ஸ்லைடர் சிவப்புப் பகுதிக்குள் போகவே கூடாது.

அடுத்து ஸ்னாப்ஷாட் பட்டியலைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு அடுக்கியிருந்தால், பெட்டி ஒவ்வொரு கோப்பையும் அத்தனை அடுக்கிலும் தேடுகிறது. இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விர்ச்சுவல்பாக்ஸ் வழியாகவே நீக்குங்கள். எப்படி நீக்குவது என்பது அறிகுறி 9இல்.

கடைசியில் செலவுள்ளது. வெளிக் கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், எஸ்எஸ்டிக்கு மாறுவதைப்போல வேறு எதுவும் பலன் தராது. ரேம் கூட்டுவது அதற்கு அடுத்தது. மடிக்கணினியைத் திறந்து பழக்கமில்லை என்றால் இரண்டையும் கடையில் கொடுத்துச் செய்யுங்கள். கொடுக்கும் முன் காப்புப்படி எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 4: திரை குட்டியாக இருக்கிறது, சுட்டி உள்ளே மாட்டிக்கொள்கிறது

சுட்டியை விடுவிக்க வலது கன்ட்ரோல் விசையை ஒருமுறை அழுத்துங்கள். நிரந்தரத் தீர்வு, பெட்டிக்குள் போடும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவுவது. டிவைசஸ் மெனுவிலேயே அதன் சிடியை மாட்டும் வழி இருக்கிறது. நிறுவியும் திரை பெரிதாகவில்லை என்றால், டிஸ்பிளே பகுதியில் கிராஃபிக்ஸ் கன்ட்ரோலரைப் பாருங்கள். எக்ஸ்பிக்கு "விபாக்ஸ்விஜிஏ", லினக்ஸுக்கு "விஎம்எஸ்விஜிஏ".

கெஸ்ட் அடிஷன்ஸ் வந்தால் கூடவே இரண்டு கதவுகள் வருகின்றன: பகிரும் கிளிப்போர்டு, இழுத்துப் போடும் வசதி. இரண்டும் "டிசேபிள்ட்" என்றே இருக்கட்டும். கிளிப்போர்டு இருபக்கமும் திறந்திருந்தால், வெளியே நீங்கள் நகலெடுக்கும் கடவுச்சொல் உள்ளேயும் போகும்.

## அறிகுறி 5: பெட்டிக்குள் இணையம் வரவில்லை

### உள்ளே எக்ஸ்பி என்றால்

இதைச் சரிசெய்யாதீர்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் போய் "நாட் அட்டாச்ட்" என்று வைத்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

வாடிக்கையாளர்கள் என்னோடு அதிகம் வாதாடுவது இந்த இடத்தில்தான். "ஒரே ஒரு தடவை ஜிமெயில் திறந்து ஃபைலை எடுத்துக்கிறேன்" என்பார்கள். எக்ஸ்பியோடு வந்த பிரவுசரில் இன்றைய தளங்கள் பெரும்பாலானவை திறக்கவே திறக்காது, இன்றைய மறையாக்க முறைகள் அதற்குத் தெரியாது. ஆக, நல்ல தளங்கள் வராது, கதவு மட்டும் திறந்திருக்கும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் புழுவான வானாக்ரை பரவியபோது, கைவிட்டு மூன்று வருடமான எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு பேட்ச் வெளியிட வேண்டியிருந்தது. அந்தப் புழுவுக்கு யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை, நெட்வொர்க்கில் இருந்தாலே போதும்.

மின்னஞ்சலை வெளிக் கணினியில் திறங்கள். கோப்பை உள்ளே அனுப்பும் வழி அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

### உள்ளே லினக்ஸ், அல்லது ஆதரவு உள்ள விண்டோஸ் என்றால்

வெளிக் கணினியில் இணையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் நெட்வொர்க் செட்டிங்ஸில் "கேபிள் கனெக்டட்" தேர்வாகியிருக்கிறதா, முறை "நாட்" (NAT, வெளிக் கணினியின் இணைப்பு வழியாகவே பெட்டி இணையத்துக்குப் போகும் முறை) ஆக இருக்கிறதா பாருங்கள். நாட் முறையில் பெட்டிக்குப் பெரும்பாலும் 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். அது கிடைத்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால், உள்ளேயிருந்து 8.8.8.8க்கு பிங் கொடுங்கள். பதில் வந்தால் கோளாறு, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான். வெளிக் கணினியில் விபிஎன் ஓடினால் அதை நிறுத்திப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதுவே போதும்.

"பிரிட்ஜ்ட்" முறைக்கு மாற்றினால் சட்டென்று வேலை செய்யலாம். ஆனால் அப்போது பெட்டி உங்கள் ரவுட்டரில் தனிக் கணினியாகவே உட்கார்ந்துவிடுகிறது. சோதனைக்காக மாற்றினால் சோதனை முடிந்ததும் திருப்புங்கள்.

நாட் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வெளியிலிருந்து யாரும் பெட்டிக்குள் நேராக வரமுடியாது என்பது உண்மை. உள்ளேயிருந்து வெளியே போவதை நாட் தடுப்பதில்லை. பெட்டிக்குள் பிரவுசரில் உங்கள் ரவுட்டரின் முகவரியைப் போட்டுப் பாருங்கள், பல வீடுகளில் அது 192.168.1.1. ரவுட்டரின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும். அதே வழியில் கடையின் மற்றக் கணினிகளையும் பிரிண்டரையும் பெட்டிக்குள் இருக்கும் எந்த நிரலும் தொடலாம். சந்தேகமான ஒன்றைச் சோதிக்கப் பெட்டியைப் பயன்படுத்தினால், நாட்கூட வேண்டாம். கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

## அறிகுறி 6: கோப்பு உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை

ஷேர்ட் ஃபோல்டர் (வெளிக் கணினி பெட்டியோடு பகிரும் கோப்புறை) தெரியவில்லை என்றால் முதல் காரணம் கெஸ்ட் அடிஷன்ஸ் இல்லாதது. இரண்டாவது, "ஆட்டோ மவுன்ட்" தேர்வாகாதது. லினக்ஸில் மூன்றாவதாக ஒன்று: உங்கள் பயனர் "விபாக்ஸ்எஸ்எஃப்" குழுவில் இல்லாதது. சேர்த்துவிட்டு வெளியேறி மறுபடி உள்நுழையவேண்டும்.

இப்போது எதைப் பகிர்வது என்பதற்கு வருவோம். ஒரு கடையில் வசதிக்காக டி டிரைவ் முழுவதையும் எழுதும் உரிமையோடு பகிர்ந்திருந்தார்கள். வாடிக்கையாளரின் பென் டிரைவ் வழியாக உள்ளே போன வைரஸ், பெட்டியின் சுவரை உடைக்கவில்லை. உடைக்க அவசியமே இருக்கவில்லை. திறந்திருந்த பகிர்வு வழியாக வெளியே நடந்து வந்து, வருடக்கணக்கான வேலையைப் பூட்டிவிட்டது. கழற்றி வைத்திருந்த காப்புப்படி மட்டும்தான் மிஞ்சியது.

நான் இப்போது எல்லா இடத்திலும் இரண்டு கோப்புறை வைக்கிறேன். "உள்ளே" என்பது "ரீட் ஒன்லி". பெட்டி அதைப் படிக்கலாம், எழுத முடியாது. மூலக் கோப்பை அங்கே போடாமல் அதன் நகலைப் போடுங்கள். "வெளியே" என்பது எழுதும் உரிமை உள்ள வெற்றுக் கோப்புறை, வேலை முடிந்த பிடிஎஃப் மட்டும் அதில் விழும். பிடிஎஃப்பை வெளிக் கணினியின் ஆன்டிவைரஸில் சோதித்து, உடனே வேறு இடத்துக்கு நகர்த்திவிடவேண்டும். அந்தக் கோப்புறையில் எப்போதும் எதுவும் தங்கக்கூடாது. சி டிரைவ், டாகுமென்ட்ஸ், ஒன்டிரைவ் கோப்புறை ஆகிய மூன்றையும் ஒருநாளும் பகிராதீர்கள்.

"ரீட் ஒன்லி" உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பிக்குள்ளிருந்து "உள்ளே" கோப்புறையில் ஒரு புதுக் கோப்பு உருவாக்க முயலுங்கள். மறுக்கவேண்டும்.

## அறிகுறி 7: பென் டிரைவ் அல்லது டாங்கிள் தெரியவில்லை

பழைய தமிழ் மென்பொருள்கள் சில டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால்தான் திறக்கும். டிவைசஸ் மெனுவில் யுஎஸ்பி போய், டாங்கிள் பெயர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள்.

பெயர் இருக்கிறது, எக்ஸ்பிக்குத் தெரியவில்லை: யுஎஸ்பி கன்ட்ரோலர் 3.0இல் இருக்கும். எக்ஸ்பியிடம் அதற்கு டிரைவர் இல்லை. 2.0க்கு மாற்றுங்கள், அதிலும் வராவிட்டால் 1.1. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0இலிருந்து 2.0, 3.0 இரண்டும் அடிப்படைத் தொகுப்பிலேயே வருகின்றன. பழைய பதிப்பில் இவற்றுக்கு எக்ஸ்டென்ஷன் பேக் வேண்டும், கடை உபயோகத்துக்கு அது இலவசமல்ல. பதிப்பைப் புதுப்பிப்பதே நல்லது.

பெயர் மங்கலாக இருக்கிறது, அல்லது "பிசி" என்று செய்தி வருகிறது: வெளிக் கணினியில் ஏதோ அதைப் பிடித்திருக்கிறது. கழற்றி, வேறு துளையில் செருகுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் வெளிக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பெயரே இல்லை: வெளிக் கணினியின் டிவைஸ் மேனேஜரிலும் இல்லை என்றால் டாங்கிள் செத்திருக்கலாம். மென்பொருளை விற்றவரைத்தான் அணுகவேண்டும். பிரிண்டர் துளையில் செருகும் அகலமான பழைய டாங்கிள் என்றால், பெட்டியில் அது வேலை செய்து நான் பார்த்ததில்லை. அந்த ஒன்றுக்காகப் பழைய கணினியை நெட்வொர்க் இல்லாமல் உயிரோடு வைத்திருப்பதே வழி.

டாங்கிளுக்கு மட்டும் யுஎஸ்பி ஃபில்டர் (செருகியதும் அந்தச் சாதனத்தைப் பெட்டிக்குக் கொடுக்கும் விதி) போடுங்கள். எல்லாச் சாதனத்தையும் பிடிக்கும் வெற்று ஃபில்டர் வேண்டாம். வாடிக்கையாளரின் பென் டிரைவை எக்ஸ்பிக்குள் நேராக விடாதீர்கள். வெளிக் கணினியில் ஆன்டிவைரஸ் சோதனை செய்து, தேவையான கோப்பை மட்டும் "உள்ளே" வழியாக அனுப்புங்கள்.

## அறிகுறி 8: வெளியே எடுத்த தமிழ், ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது

இது பெட்டியின் பிழையே இல்லை, ஆனால் இதற்காகவே பலர் செட்டிங்ஸை எல்லாம் மாற்றிக் குழப்பிவிடுகிறார்கள். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருந்தன. எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது.

அச்சுக்குத்தான் என்றால் எழுத்தை எடுக்கவேண்டாம். எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் எடுத்தால் எங்கு திறந்தாலும் தமிழாகவே இருக்கும்.

எழுத்தே வேண்டும், ஒருங்குறியில் (யூனிகோடில்) வேண்டும் என்றால், பேஜ்மேக்கரில் அந்த வரியைத் தேர்ந்து எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். பாமினி என்றால் எழுத்துரு மாற்றும் மென்பொருளிலும் பாமினியையே தேர்ந்தெடுங்கள். பெயரின் முன்னால் டேப், டாம் என்றிருந்தால் அவை பெரும்பாலும் 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய குறியாக்கங்கள். தவறான குறியாக்கத்தைத் தேர்ந்தால் பாதி எழுத்து சரியாக வந்து ஏமாற்றும். அதனால் ஒரு பத்தியை மாற்றி ஸ்ரீ, ஔ, ணை, லை, கொ, கோ வரும் சொற்களைக் கண்ணால் பாருங்கள். துணைக்காலுக்குப் பதில் "ர" தட்டியிருப்பார்கள் சிலர். தாளில் வித்தியாசம் தெரியாது. மாற்றிய பிறகு "பாடம்" என்பது "பரடம்" ஆகி நிற்கும். அதை எந்த மென்பொருளும் முழுதாகத் திருத்தாது, மெய்ப்புப் பார்ப்பவர் வேண்டும்.

## அறிகுறி 9: நடுவில் நின்றுவிட்டது, வட்டு நிறைந்துவிட்டது என்கிறது

பதறி மூடாதீர்கள். வெளிக் கணினியின் வட்டு நிறைந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் பெட்டியை இடைநிறுத்தி வைக்கும். வெளியே சில ஜிபி இடம் செய்துவிட்டு, மெஷின் மெனுவில் இடைநிறுத்தத்தை எடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். உடனே வேலையைச் சேமித்துவிட்டு எக்ஸ்பியை முறையாக நிறுத்துங்கள்.

இடம் எங்கே போனது? வளரும் வகை வட்டுக் கோப்பு, உள்ளே நீங்கள் அழித்தாலும் தானாகச் சுருங்காது. ஸ்னாப்ஷாட் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. ஸ்னாப்ஷாட்டை நீக்கும்போது இணைப்பு நடப்பதால் தற்காலிகமாக இன்னும் இடம் கேட்கும், நேரமும் எடுக்கும். பாதியில் நிறுத்தக் கூடாது.

தயவுசெய்து கவனியுங்கள்: பெட்டியின் கோப்புறைக்குள் இருக்கும் "ஸ்னாப்ஷாட்ஸ்" கோப்புறையை எக்ஸ்ப்ளோரரில் போய் கையால் அழிக்காதீர்கள். பழைய காப்பு என்று நினைத்து அழிக்கிறார்கள். நீங்கள் இன்று செய்த வேலை அதற்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. அழித்துவிட்டால், அந்த வட்டில் மேலும் எதையும் எழுதாமல் நிறுத்தி, தரவு மீட்பவரிடம் கொடுங்கள். வட்டிலிருந்து டிக் டிக் சத்தம் வந்தாலும் அதேதான், மறுபடி மறுபடி இயக்கிப் பார்க்காதீர்கள்.

வட்டுக் கோப்பை நகலெடுத்துச் சேர்த்தால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று மறுக்கும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதே காரணம். விர்ச்சுவல்பாக்ஸின் "குளோன்" வழியாக நகலெடுங்கள்.

## அறிகுறி 10: உள்ளே ஏதோ சரியில்லை, வைரஸ் என்று சந்தேகம்

கோப்புகளின் பெயர் மாறியிருக்கிறது, தெரியாத சாளரம் திறக்கிறது, யாரும் தொடாமல் செயலி முழுவேகத்தில் ஓடுகிறது. இந்த வரிசையில் செய்யுங்கள். டிவைசஸ் மெனுவில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். ஷேர்ட் ஃபோல்டர்களை நீக்குங்கள். பிறகு "பவர் ஆஃப்". "சேவ் ஸ்டேட்" வேண்டாம், அது நோயையும் சேர்த்து உறையவைக்கும்.

அடுத்து "வெளியே" கோப்புறையில் என்ன விழுந்திருக்கிறது என்று, எதையும் திறக்காமல், வெளிக் கணினியின் ஆன்டிவைரஸால் சோதியுங்கள். சுத்தம் என்றால் பெட்டியை நல்ல ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்புங்கள். உள்ளே கிருமியைத் தேடிப் பிடிக்க நேரம் செலவழிக்காதீர்கள், பழைய நிலைக்குத் திரும்ப முடிவதற்காகத்தான் பெட்டியே வைத்திருக்கிறோம்.

"சுவரைத் தாண்டி வந்திருக்குமா?" என்று கேட்பார்கள். அரிது, ஆனால் வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். 2015 மே மாதம் வெளியான வெனம் என்ற ஓட்டை, மெய்நிகர் ஃபிளாப்பி கன்ட்ரோலரில் இருந்தது. யாருமே பயன்படுத்தாத ஃபிளாப்பி வழியாகப் பெட்டியிலிருந்து வெளியேற இடம் இருந்தது, விர்ச்சுவல்பாக்ஸும் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸை எப்போதும் புதுப்பித்து வையுங்கள். ஃபிளாப்பி, சீரியல் துளை, ஒலி, 3டி என்று தேவையில்லாத எதையும் பெட்டியில் விட்டுவைக்காதீர்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: வெளிக் கணினியின் கோப்புகளும் பூட்டப்பட்டிருக்கின்றன, பணம் கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறது, அல்லது வங்கிக் கணக்கில் நீங்கள் செய்யாத பரிவர்த்தனை தெரிகிறது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைஃபையை அணையுங்கள். ஃபார்மட் செய்யவேண்டாம், கணினியை அப்படியே வைத்திருங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930க்கு உடனே அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். வருகிற நிபுணரிடம் மூன்றைச் சொல்லுங்கள்: எந்தக் கோப்புறை பகிரப்பட்டிருந்தது, நெட்வொர்க் எந்த முறையில் இருந்தது, கடைசியாக எந்தப் பென் டிரைவ் செருகப்பட்டது. அவர் வந்து பார்க்கும்வரை, கழற்றி வைத்திருக்கும் காப்பு வட்டை அந்தக் கணினியில் செருகாதீர்கள்.